தெளிக்காத வாசல்

வானிலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவனை யாரும் எங்கும் அழைப்பதில்லை. கல்யாண வீட்டில்கூட "மழை வருமா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பந்திக்குப் போய்விடுவார்கள். அதனால் கோலார் தங்க வயலுக்கு வந்து பலூன் விட முடியுமா என்று மலர்விழி தொலைபேசியில் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று பிகு செய்துகொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் முடிப்பதற்குள் பெரிய பை எந்தப் பரணில் இருக்கிறது என்று மனைவியிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மலர்விழி பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. முன்பு எங்கள் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்து என்னிடம் நிறையத் திட்டு வாங்கியவள். வறண்ட நிலமும் அதன் மேலிருக்கும் காற்றும் ஒன்றுக்கொன்று என்ன செய்துகொள்கின்றன என்பது அவள் ஆராய்ச்சி. வெயில் தரையில் விழுகிறது. தரை காய்ந்திருந்தால் அந்தச் சூடெல்லாம் காற்றுக்குப் போகிறது. ஈரமாக இருந்தால் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. கோடையின் முதல் மழை விழுந்தவுடன் இந்தப் பங்கீடு தலைகீழாக மாறும். அந்த மாற்றம்தான் இரண்டாவது மழையைக் கூப்பிடுகிறதா என்பது அவள் கேள்வி. பதில் வேண்டுமென்றால் காய்ந்த நாட்கள் சில, முதல் மழை, மழைக்குப் பிந்தைய வெயில் ஆகிய மூன்றும் இடைவெளி இல்லாமல் பதிவாக வேண்டும். போன வருஷம் மழைக்கு முந்தின நாள் எலி கம்பியைக் கடித்துவிட்டது. இந்தக் கோடையோடு திட்டம் முடிகிறது. இன்னொரு முதல் மழை அவளுக்குக் கிடையாது.

பங்காருபேட்டையில் இறங்கியதும் பானிபூரி சாப்பிட்டேன். சென்னையில் பானி என்றால் பச்சையாக, குளம் தூர் வாரியது மாதிரி இருக்கும். இங்கே கண்ணாடித் தண்ணீர். ஏமாற்றுகிறான் என்று நினைத்து வாயில் போட்டேன். காது வரை உறைத்தது. இன்னொரு தட்டு வாங்கினேன். அந்தத் தண்ணீரில் என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டதற்குக் கடைக்காரர் தெலுங்கில் சொன்னதை, பக்கத்தில் நின்றவர் எனக்காக மொழிபெயர்த்தார்: "சொன்னா நீங்க வூட்லயே பண்ணிக்குவீங்களாம்."

அங்கிருந்து தங்க வயலுக்குப் போகிற ரயிலில், பெங்களூரில் வேலை முடிந்து திரும்பும் கூட்டம். ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன்.

"சாரு, அது குமாரு சீட்டு" என்றார் எதிரில் இருந்தவர்.

"ரிசர்வேஷன் உண்டா இந்த வண்டியில்?"

"இல்லீங்க. குமாரு உண்டு."

"அவர் எங்கே?"

"இன்னிக்கு லீவு."

"அப்போ காலிதானே?"

"லீவுன்னா அவனுக்கு லீவு. சீட்டுக்கு இன்னா லீவு?"

ரயில்வே விதிகள் எனக்கு ஓரளவு மனப்பாடம். இதற்கு எதிராக ஒன்றும் அகப்படவில்லை. எழுந்துகொண்டேன். உடனே மூன்று பேர் நெருங்கி உட்கார்ந்து அவர்கள் நடுவில் எனக்கு இடம் செய்து கொடுத்து, கையில் ஒரு முறுக்கையும் வைத்தார்கள். குமாரின் இடம், நான் இறங்கிய ஊர்காம் நிலையம் வரை காலியாகவே வந்தது.

மறுநாள் காலை மலர்விழியும், அவளுடைய தொழில்நுட்ப உதவியாளர் மஞ்சுநாத்தும் ஜீப்பில் வந்து லாட்ஜிலிருந்து என்னை அழைத்துப் போனார்கள். ஸ்கெலட்டன் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு பொட்டல். அதற்கு மேற்கே சயனைடு மேடு. தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சக்கை, சாம்பல் நிறத்தில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. காற்று அடித்தால் அந்த மாவு கிளம்பி ஊருக்குள் வரும். வீட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே, கம்பி வேலிக்குள், மலர்விழியின் கோபுரம் நின்றது.

எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் காற்றை அளக்கக் கிண்ணம் சுற்றும். இங்கே நண்டுக் கொடுக்கு மாதிரி ஒன்று, ஒலியை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அனுப்பி, அது வந்து சேரும் நேரத்தை வைத்து, காற்று மேலே போகிறதா கீழே வருகிறதா என்றுகூடச் சொல்கிறது. அதனருகே ஒரு சிறு கண்ணாடிக் கண், காற்றில் போகிற நீராவியைக் கண்டுபிடிக்கிறது. மண்ணுக்குள் ஈரம் பார்க்கும் ஊசிகள். என்னை இருபது வயதில் இங்கே கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும்.

வேலிக் கதவுக்கு முன்னால் அழகான கோலம் ஒன்று இருந்தது. கடைசி வீட்டுக் கஸ்தூரி போட்டதாம். அவரிடம்தான் மலர்விழி அவசரத்துக்கு ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறாள். வரவேற்பு என்று நெகிழ்ந்து கோலத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு, அனுபவஸ்தன் என்ற முறையில் கஸ்தூரிக்கும் அவர் கணவர் தனபாலுக்கும் விதிகளை எடுத்துச் சொன்னேன். கோபுரத்தைத் தொடக் கூடாது. சாயக் கூடாது. துணி காயப் போடக் கூடாது. ஆடு கட்டக் கூடாது. கஸ்தூரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"கல்யாணம் பண்ணி அனுப்பும்போது எங்கம்மாகூட இவ்ளோ சொல்லல" என்றார்.

தனபால் சுரங்கத்தில் இருந்தவர். அது மூடியபிறகு பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போய்வந்து, இப்போது அதையும் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்.

மதியம் பலூன். விமான நிலையக் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொல்லி, அனுமதி வாங்கி, நேரம் குறித்து, மறுபடி சொல்லி, அதன்பின்தான் கையை விடலாம். இந்த வரிசையில் ஒன்றையாவது மஞ்சுநாத் மறப்பான் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நூலின் முனையில் கருவியோடு பலூன் என் கையை இழுத்துக்கொண்டு கிளம்பியபோது அதெல்லாம் மறந்துபோனது. எத்தனையோ முறை விட்டதுதான். அந்த இழுப்பு மட்டும் பழகவே பழகாது.

"இது திரும்பி வருமா சாரு?" என்றார் கஸ்தூரி.

"வராது."

"அப்ப இன்னாத்துக்கு அனுப்புறீங்க?"

"போற வழியெல்லாம் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்னு சொல்லிட்டே போகும்மா. மேல போகப் போகக் குளிரும்."

தனபால் கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க கேஜுல ஏறி கீழ போவோம். ஒவ்வொரு லெவலுக்கும் சூடு ஏறும். இது மேல போவப் போவ குளிரு. ரெண்டுத்துக்கும் நடுவுலதான் குடித்தனம் பண்ணிக்கினு கீறோம்."

மலர்விழியின் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதைவிடச் சுருக்கமான முன்னுரையை நான் படித்ததில்லை.

அடுத்த நாள் காலை ஜீப்பின் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மலர்விழி என்னைக் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது. மண் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆனால் விடியும் நேரத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஊசிகளில் கதவுப் பக்கத்து ஊசி மட்டும் ஈரம் காட்டுகிறது. வெயில் ஏறியதும் கண்ணாடிக் கண்ணில் நீராவி தெரிகிறது. மதியத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஒரு நாள் என்றால் கோளாறு. பின்னால் போய்ப் பார்த்தால் தினமும் இப்படித்தான்.

"சார், கீழேருந்து வருதா?"

இந்த ஊரின் அடியில் கைவிடப்பட்ட சுரங்கங்கள். தனபாலைக் கேட்டோம். பம்பு நிறுத்தியபிறகு லெவல் லெவலாகத் தண்ணீர் நிரம்பிவிட்டது என்றார். அவ்வளவு ஆழத்தில் சூடான நீர். அதன் ஆவி பாறை வெடிப்புகள் வழியாக மெல்ல ஏறி, தரை மிகவும் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் மண்ணுக்குள் குளிர்ந்து ஈரமாகிறது. நேரம்கூடச் சரியாகப் பொருந்துகிறது. மூடிய சுரங்கம் மூச்சு விடுகிறது. மலர்விழி தலைப்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். நானோ, உலகில் வேறெங்கெல்லாம் மூடிய சுரங்கங்கள் இருக்கின்றன, அங்கெல்லாம் யார் போய் அளப்பது என்பது வரை போய்விட்டேன்.

மஞ்சுநாத் மட்டும் கன்னடத்தில் முணுமுணுத்தான். மலர்விழி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சுரங்கம் மூச்சு விட்டா கதவு கிட்ட மட்டும் ஏன் விடுதுன்னு கேக்கறான்."

கேள்வி நியாயமானது. விசித்திரமான அளவீடு வந்தால் முதலில் அக்கம்பக்கம் பார்க்க வேண்டும் என்பது, பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நானே முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். மஞ்சுநாத்துக்குக் கற்பனை போதாது என்று முடிவு செய்தேன்.

பூமியின் மூச்சை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று மறுநாள் விடியும்போதே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினேன். சென்னையில் மே மாதத்தில் இப்படி ஒரு குளிர்காற்று கிடையாது. லைன் வீடுகளில் பெண்கள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக் கதவு திறந்திருந்தது. உள்ளே, இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு கஸ்தூரி.

தொடவில்லை. சாயவில்லை. துணி எதுவும் தொங்கவில்லை. என் விதிகள் அனைத்தையும் கடைப்பிடித்தபடி, கோபுரத்தைச் சுற்றிக் கையால் தண்ணீரை வாரி வாரித் தெளித்துக்கொண்டிருந்தார். கதவுப் பக்கத்து ஊசி புதைந்திருந்த இடத்தில் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. முடித்துவிட்டு வெளியே வந்து, கதவின் முன்னாலும் தெளித்து, கோலமாவுக் கிண்ணத்தை எடுத்தார்.

கோலம் என்றால் வாசல் தெளித்திருக்க வேண்டும். இது தெரியாத தமிழன் உண்டா? நான் அதைப் போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்பியும் இருந்தேன்.

"இன்னா சாரு, இவ்ளோ சீக்கிரமா?" என்றார் கஸ்தூரி, நிமிராமல் புள்ளி வைத்தபடி.

"தினமும் தெளிக்கிறீங்களாம்மா?"

"பின்ன? நம்ம வூட்டாண்ட நிக்குது. மண்ணு பறந்து கண்ணாடி மேல உக்காருது. வாசல் தெளிக்காம வுட்டா நாலு பேரு இன்னா நினைப்பாங்கோ?"

அந்த லைனில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. லாரி வந்தால் குடங்கள் வரிசையில் நிற்கும். அந்தத் தண்ணீர்.

மலர்விழியிடம் நான்தான் சொன்னேன். அவள் பேட்டரிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "போன வருஷம் எலி. இந்த வருஷம் கோலம்" என்றாள். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. இரண்டு மூன்று நாளில் இடிமழைக்கு வாய்ப்பு என்று காலை அறிக்கை. ஊசியைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் மண் கலைந்துவிடும், பழைய பதிவோடு பொருந்தாது. இருக்கிற மண்ணே காய வேண்டும். காய்கிற வரை மழை வரக் கூடாது.

விஷயம் தெரிந்ததும் கஸ்தூரியின் முகம் சுருங்கியது. "ஆட்டுக்குச் சொன்னீங்க. துணிக்குச் சொன்னீங்க. தண்ணிக்கு ஒரு வார்த்தை சொல்லலியே சாரு."

"சொல்லலைதான்" என்றேன்.

மலர்விழி அவர் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. இனிமே மழை வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் தண்ணி ஊத்தாம இருந்தா போதும். உங்க வாசல்லகூட. அந்த ஈரமும் காத்துல வரும்."

அன்று முதல் அந்த லைனில் வாசல் தெளிப்பது நின்றது. கஸ்தூரி வீடு வீடாகப் போய் நிறுத்தினார். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பக்கத்து வீட்டு அம்சா தெருவில் நின்று கத்தியது எனக்கும் கேட்டது. "ஒரு கம்பத்துக்காக நாங்க எல்லாம் மண்ணைத் துன்னணுமா?"

"உன் பொண்ணு பரீட்சைக்கு ஊரையே டிவி வைக்க வுடாம பண்ணியே, மறந்துட்டியா? மேடத்துக்கு இதான் கடைசி பரீட்சை. மூடிக்கினு இரு."

அம்சா உள்ளே போய்விட்டார்.

ஆனால் தெளிக்காத பொட்டலில் தூசி இரண்டு மடங்கு கிளம்பியது. மதியத்துக்குள் சோலார் தகடு மைதா பூசியது போல் ஆனது. கண்ணாடிக் கண் மங்கியது. தண்ணீர் விட்டால் மண் கெடும், விடாவிட்டால் கண் குருடாகும். மஞ்சுநாத் ஒருவனால் நாள் முழுக்கத் துடைக்க முடியாது.

இங்கேதான் தனபால் பொறுப்பை எடுத்துக்கொண்டார். சுரங்கத்துக்காரர்களுக்கு எந்தச் சிக்கலுக்கும் ஒரே மருந்து, ஷிப்ட் போடுவது. மதியம் வரை ஃபர்ஸ்ட் ஷிப்ட், அதன்பின் செகண்ட் ஷிப்ட். வீட்டுக்கு ஓர் ஆள். தகட்டுக்கு ஒரு துணி, கண்ணுக்கு மலர்விழி கொடுத்த மெல்லிய துணி. துணியை லைனுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் பிழிய வேண்டும். நைட் ஷிப்டுக்கும் ஆள் போடவா என்று ஆசையாகக் கேட்டார். சூரியன் இல்லாத நேரத்தில் தேவையில்லை என்றதும் சற்று வாடினார்.

எனக்குச் செகண்ட் ஷிப்ட், கஸ்தூரியின் கீழ். அரசாங்கத்தில் எத்தனையோ மேலதிகாரிகளைப் பார்த்தவன் நான். கண்ணாடியின் ஓரத்தில் விட்டுப்போன தூசிக்காக ஒருவர் என்னைத் திரும்ப ஏணியில் ஏற்றியது இதுதான் முதல் தடவை.

"சாரு, மூலை மூலை. மூலையை வுட்டுட்டு நடுவுல துடைச்சிக்கினு கீறீங்க."

ஷிப்ட் முடிந்ததும் அவர் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் தந்தார். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்றார் தனபால். மென்றால் பல்லில் மணல் நெருடும் அந்த நாட்களில் அது விஞ்ஞானபூர்வமான அறிவுரை.

ஷிப்ட் தொடங்கிய முதல் நாள் சாயங்காலமே கிழக்கில் மேகம் கோட்டை மாதிரி எழுந்து நின்றது. இடி உறுமியது. வேலையில் இருந்த காலம் முழுக்க, மழை வரவில்லை என்று ஜனங்களிடம் ஏச்சு வாங்கியவன் நான். இப்போது லைன் வாசலில் நின்று, வராதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மேகம் எங்களை ஒரு பொருட்டாக மதிக்காமல் ஆந்திரப் பக்கம் நகர்ந்தது. கஸ்தூரி அது போகும் வரை அதை முறைத்துக்கொண்டே இருந்தார், வீட்டுக்கு வந்த கடன்காரனைப் போல.

அடுத்த நாள் வெயில் கொளுத்தியது. அதற்கடுத்த நாளும். கணினியில் ஈரக் கோடு இறங்கி, தரையோடு படுத்தது. விடியலில் எழவில்லை. "இப்போ பெய்யலாம் சார்" என்றாள் மலர்விழி, மிகவும் மெதுவாக, மேகத்துக்குக் கேட்டுவிடப் போகிறது என்பது போல. சுரங்கம் மூச்சே விடவில்லை என்பதும் அத்துடன் உறுதியானது. அதற்காக நாங்கள் இருவரும் சில நிமிடம் உண்மையாகவே துக்கப்பட்டோம்.

மழை அடுத்த நாள் மதியம் வந்தது. முதலில் புழுதி. சயனைடு மேடு அப்படியே எழுந்து வந்தது போல ஒரு சாம்பல் சுவர். கோபுரம் மறைந்தது. கண்ணாடியை இப்போது துடைக்காவிட்டால் மழை தொடங்கும் கணம் போய்விடும் என்று கஸ்தூரி துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதே நேரம் மின்னல் வெட்டியது. குறுக்கே கையை நீட்டி மறித்தேன்.

"நகருங்க சாரு, என் ஷிப்டு இது."

"மின்னும்போது கம்பத்துகிட்ட யாரும் போகக் கூடாது. எந்த ஷிப்டா இருந்தாலும்."

"மேடம் பரீட்சை?"

"மழை பெய்யும்போது அந்தக் கண்ணுக்கு எப்படியும் ஒண்ணும் தெரியாது. அதுக்கு வேலையே மழை நின்னு வெயில் வந்ததும்தான். அழுக்கை மழையே கழுவிடும்."

அவர் மலர்விழியைப் பார்த்தார். மலர்விழி தலையாட்டினாள். எல்லோரும் கஸ்தூரி வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினோம். மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில் பேச முடியவில்லை. மண் வாசனை வந்தது. மஞ்சுநாத் கையை வெளியே நீட்டி, நனைந்த விரலைச் சட்டையில் துடைத்து, மறுபடி நீட்டிக்கொண்டிருந்தான். மலர்விழி மட்டும் கோபுரம் இருந்த திசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பெய்து ஓய்ந்து, இடி தொலைவுக்குப் போய், மேகம் கிழிந்து மேற்கில் வெயில் எட்டிப் பார்த்தபோது இன்னும் பொழுது இருந்தது. நான் பொறுத்திருந்து தலையசைத்ததும் கஸ்தூரி மெல்லிய துணியோடு போனார். ஏணியில் ஏறினார். கண்ணாடியில் நின்ற துளிகளை ஒற்றி எடுத்தார். மூலைகளையும்.

மலர்விழி ஜீப்பின் முன்பக்கம் கணினியைத் திறந்தாள். சூட்டுக் கோடு இத்தனை நாள் மேலே இருந்தது. நீராவிக் கோடு கீழே படுத்திருந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கீழ்க்கோடு தலையைத் தூக்கியது. மேல்கோடு சரிந்தது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. புத்தகங்களில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே, மண்ணின் மேல் நின்றுகொண்டு, ஒரு தடவையும் பார்த்ததில்லை.

"அவ்ளோதானா?" என்றார் தனபால் எட்டிப் பார்த்து.

"அவ்ளோதான்" என்றாள் மலர்விழி. அப்போதுதான் அழுதாள். கஸ்தூரி கையிலிருந்த துணியை நீட்டப் போய், அது கண்ணாடி துடைக்கும் துணி என்று ஞாபகம் வந்து, முந்தானையால் துடைத்துவிட்டார்.

நான் ஊர் திரும்பும் நாள் விடியலில், கடைசியாக ஒரு பலூன் விட வந்தேன். பொட்டல் இன்னும் ஈரமாக இருந்தது. கஸ்தூரி பழக்கதோஷத்தில் குடத்தோடு வெளியே வந்து, தரையைப் பார்த்து, குடத்தைத் திரும்ப உள்ளே வைத்தார். கோலமாவுக் கிண்ணத்தோடு நேரே வேலிக் கதவுக்குப் போனார். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லாமல், மழை தெளித்துவிட்டுப் போன வாசலில் பெரிதாக ஒரு கோலம் போட்டார். மலர்விழி தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலூன் பெட்டியோடு நான் கதவை நெருங்கியதும் கஸ்தூரி நிமிர்ந்தார்.

"சாரு, கேட்டுக்குங்க. மிதிக்கக் கூடாது. பெட்டிய அது மேல வைக்கக் கூடாது. கயிறு இழுபடக் கூடாது. ஓரமா போவணும்."

ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஓரமாகவே போனேன்.